ஆயிரத்து எண்ணூறு சுற்று

எங்கள் பாலிகஞ்ச் வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. எதில் கருத்து வேறுபட்டாலும் ஆளுக்கு மூன்று நிமிடம் பேச வேண்டும். துறைமுக அலுவலகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்ற அப்பா தீர்ப்புச் சொல்வார். தோற்றவர் முணுமுணுக்காமல் ஏற்க வேண்டும். கல்லூரி மேடைகளில் கோப்பைகளை வென்றுகொண்டிருந்த நான், அந்தக் கூடத்தில் தோற்றதே இல்லை.

அக்கா ஹவுராவில் ஒரு பட்டறையில் நுண்ணளவுக் கருவிகளைச் சரிசெய்பவள். பெட்ரோல் எஞ்சினில் பறக்கும் மாதிரி ஹெலிகாப்டர் ஒன்றை விடுமுறை நாள்களில், இரண்டு ஆண்டுகளில் கட்டி முடித்திருந்தாள். முதன்முதலாக இயக்குவதற்கு முன், மேலே சுழலும் இறக்கைகளின் வேகத்தை முடிவு செய்ய வேண்டியிருந்தது. நிமிடத்துக்கு ஆயிரத்து நானூறு சுற்று போதும் என்றாள். அவை மர இறக்கைகள். ஆயிரத்து ஐந்நூற்றைத் தாண்டக் கூடாதென்று, வாங்கியபோது அவற்றுடன் வந்த தாளிலேயே அச்சிட்டிருந்தது. வேகம் சற்றே கூடினாலும், இறக்கையை அடியோடு பிடுங்க முனையும் விசை அதைவிட விரைந்து கூடும் என்று கணக்கிட்டும் காட்டினாள்.

நான் ஆயிரத்து எண்ணூறு என்றேன். அந்த எண்ணைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. எதிர்த்தரப்பு காலியாக இருந்தது. அங்கே போய் நின்றேன். எச்சரிக்கை எழுதுகிறவன் தன்னைக் காத்துக்கொள்ளவே எழுதுகிறான், அஞ்சியவன் வரைந்த கோட்டுக்குள் அறிவு அடங்கி நிற்பதா என்று முழங்கினேன். அப்பா கைதட்டிவிட்டார்.

"உன் பேச்சுக்கெல்லாம் அந்த மரக்கட்டை மயங்காதுடா" என்றாள் அக்கா. இருந்தும் வழக்கத்தை அவள் மீறவில்லை. தரையில் வைத்து ஒரே ஒரு தடவை ஓட்டிப் பார்க்கலாம் என்றாள்.

ஹவுராவுக்கு அப்பால் ஒரு திடலுக்குப் போனோம். என்னை வாடகைக் காருக்குப் பின்னால் நிறுத்திவிட்டு, இறக்கைகளைப் பார்த்தபடி அவள் வெட்டவெளியில் நின்றாள். வேகம் ஏறியது. ஓர் இறக்கை பிடியிலிருந்து பிய்ந்து, தொலைவிலிருந்து இயக்கும் பெட்டியைப் பற்றியிருந்த அவளுடைய வலது கையைத் தாக்கியது. கட்டைவிரல் நரம்பு அறுந்தது.

மூன்று மாதம் கழிந்தும் அந்த விரல் மடங்கவில்லை. நுண்வேலை இனி இயலாது, கிடங்கில் ஏதேனும் பணி தர வேண்டும் என்று பட்டறைக்கு அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன்.

"என்னாலதான் ஆச்சுன்னு சேத்து எழுதவாக்கா?"

"அது அவங்களுக்கு எதுக்கு? கையப் பத்தி மட்டும் எழுது."

எழுதினேன். இடது கையால் கையெழுத்திட்டாள். எழுத்துகள் கோணிக்கொண்டு போயின. தாளைத் தூக்கிப் பிடித்து நெடுநேரம் பார்த்தாள்.

"இது என் கையெழுத்துன்னு ஒத்துப்பாங்களாடா?"

தெரியவில்லை என்றேன்.