அப்பா கழிக்காத மாத்திரைப் புட்டி

இந்த நினைவு மலர் அப்பா கைக்குக் கிடைத்திருந்தால் முதலில் அச்சுப் பிழையைத்தான் தேடியிருப்பார். எதையும் சோதிக்காமல் நம்பாதவர். ஓராண்டு நினைவு நாளுக்கு வந்திருக்கும் உங்களுக்கு இது தெரியும்.

சாமல்பட்டியில் கூலி வேலை செய்த குடும்பத்தில் பிறந்தவர். எழுபதுகளின் கடைசியில் ஓசூருக்கு வந்து, தொழிற்சாலையில் உதிரிபாகங்களைச் சோதிக்கும் பிரிவில் சேர்ந்தார். நல்லதற்குப் பச்சை அட்டை, கழித்ததற்குச் சிவப்பு, சந்தேகமானதற்கு மஞ்சள். மஞ்சள் அட்டை கட்டியதை யாரும் பயன்படுத்தவும் கூடாது, எறியவும் கூடாது.

இந்தத் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அப்பாவுக்கு ரத்தத்தில் கொழுப்பு அதிகம் என்று தெரிந்தது. மருத்துவர் மாத்திரை எழுதினார். வார இதழில் படித்த ஆண்டி-ஆக்சிடன்ட் மாத்திரை பற்றி நான் அவரிடம் கேட்டேன்.

“கெட்ட கொழுப்பு ரத்தத்துல ஆக்சிஜன் பட்டா இன்னும் மோசமாயிடும். ரத்தக் குழாயோட உள்சுவரைக் கெடுக்கும், குழாய் சரியா விரிஞ்சு கொடுக்காது. இந்த மாத்திரை அதைத் தடுக்கலாம்னு சொல்றாங்கம்மா.”

அப்பா விடவில்லை. “உறுதியாத் தெரியுங்களா சார்?”

“இன்னும் இல்லீங்க. காய், பழம் நெறைய சாப்பிடுங்க. நான் எழுதினத மட்டும் நிறுத்திடாதீங்க.”

வெளியே வந்ததும், “அவருக்கே தெரியல. இப்படி ஒரு பீஸ பாஸ் பண்ணுவாங்களாம்மா?” என்றார்.

அவரை இழந்துவிடுவேனோ என்ற பயத்தில் ஒரு புட்டி வாங்கிக் கொடுத்தேன். தன் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொண்டார். “போட்டீங்களாப்பா?” என்றால் “ம்” என்பார். தீர்ந்தது என்று ஒருநாளும் சொல்லவில்லை. சந்தேகப்பட்டுக் குப்பைத் தொட்டியைக்கூடக் கிளறினேன். மருத்துவர் எழுதிய மாத்திரையையும் நெல்லிக்காய், கொய்யாவையும் மட்டும் தவறாமல் சாப்பிட்டார். இருந்தும் சென்ற ஆண்டு நெஞ்சுவலி அவரைக் கொண்டுபோய்விட்டது.

காரியம் முடிந்து பெட்டியைத் திறந்தோம். சீல் உடையாத புட்டி, கழுத்தில் மஞ்சள் அட்டை. எனக்குக் கோபம் பொங்கியது. அதைச் சாப்பிட்டிருந்தால் பிழைத்திருப்பாரா என்று மருத்துவரிடம் கேட்டேன். “அப்படிச் சொல்ல முடியாதும்மா” என்றார். என் மனம் ஆறவே சொல்கிறார் என்று அவரையும் நம்பவில்லை.

அப்பாவை வேனில் ஏற்றி ஓடிய ஷிப்டு நண்பர்களுக்கும், காரியங்களில் தோள் கொடுத்த உறவினருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. மருத்துவருக்கு நன்றி சொல்வதோடு, அவரிடம் மன்னிப்பும் கேட்டுக்கொள்கிறேன்.

இதை எழுதுவதற்காகப் புட்டியை மறுபடி எடுத்தபோதுதான் அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். காரணம் எழுதும் இடத்தில் அப்பாவின் கையெழுத்து இருந்தது:

“பலன் தெரியவில்லை. மகள் கொடுத்தது. கழிக்க வேண்டாம்.”