இரண்டாம் பக்கம்

அமெரிக்காவில், இர்விங் நகரில் எங்கள் அபார்ட்மெண்டுக்கு எதிரே டிபன் கடை வைத்திருந்தவர் குட்டையான மனிதர். காதிடுக்கில் எப்போதும் ஒரு சாக்பீஸ் இருக்கும். தினமும் காலையில் வாசல் கரும்பலகையில் பலகாரங்களை எழுதிவிட்டு, முதலில் வருபவரை நிறுத்தி, "படிச்சுப் பாருங்க சார், தப்பு இருக்கா?" என்பார்.

உலகக் கோப்பை கால்பந்து நெருங்கியபோது, பலகையில் போட்டியின் சின்னத்தை வரைந்து 'மேட்ச் பார்க்க வாங்க' என்று எழுதியிருந்தார். உள்ளே புதிதாக ஒரு பெரிய டிவி. அன்று முதலில் போனவன் நான்.

"அண்ணே, இந்த லோகோவெல்லாம் கடையில யூஸ் பண்ணக் கூடாது. சிட்டியில ரூல்ஸ் போட்டு நோட்டீஸ் அனுப்பியிருக்காங்க."

"அப்ப டிவி?"

"எதுக்கு ரிஸ்க்? அதையும் அவாய்ட் பண்ணிடுங்க."

உடனே பலகையைத் துடைத்தார். "நல்லவேளை, படிச்சவங்க நீங்க சொன்னீங்க" என்றார். மறுநாளே டிவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

போட்டி தொடங்கியதும் பக்கத்து மெக்சிகன் டாக்கோ கடையில் டிவி ஓடியது. கூட்டம் வாசல் வரை நின்றது. எனக்குச் சந்தேகம் வந்து அந்த நோட்டீஸை மறுபடி எடுத்தேன். பெயரும் சின்னமும் போடாமல், டிக்கெட் வைக்காமல், கடை டிவியில் தாராளமாகக் காட்டலாம் என்று இரண்டாம் பக்கத்தில் இருந்தது. நான் முதல் பக்கத்தோடு நிறுத்திக்கொண்டு ஊருக்கு விளக்கம் சொன்னவன்.

அவரிடம் ஒப்புக்கொள்ளத்தான் போனேன். கடை காலியாக இருந்தது.

"வாங்க சார். பாவம், அந்த டாக்கோ கடைக்காரருக்கு ரூல்ஸ் தெரியலை போல. ஃபைன் போட்டுடப் போறாங்க. நீங்களே ஒரு வார்த்தை சொல்லிடுங்களேன்."

சரி என்று தலையாட்டிவிட்டு, ஒரு பொங்கல் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.