இருபத்தாறு உள்ளூர் ஆட்டங்கள்

பேசாலையிலிருந்து அகதியாக வந்த ஜேசுரட்ணம், ஜெர்மனியில் ஹம் நகருக்கு அருகே ஒரு சிற்றூர் உதைபந்தாட்டக் கழகத்துக்கு இரண்டு பருவங்கள் இடது ஓரத்தில் விளையாடினார். மொத்தம் முப்பது ஆட்டங்கள். இருபத்தாறு சொந்த மைதானத்தில், நான்கு பக்கத்து ஊர்களில். அதற்கப்பால் ஒன்றுமில்லை. அவருடைய அகதி வழக்கு முடிந்திருக்கவில்லை. மாவட்ட எல்லையைத் தாண்டுவதென்றால் ஒவ்வொரு முறையும் அலுவலகத்தில் அனுமதிக் கடிதம் வாங்க வேண்டும். அணியின் பேருந்து எல்லைக்கு அப்பால் போகும் ஞாயிறுகளில் அவர் பூசைக்குப் போய்விட்டு அறையில் இருப்பார்.

1987 மே மாதம் கடைசி ஆட்டம் வந்தது. வென்றால் மேல் பிரிவு. மைதானம் எல்லையிலிருந்து ஒன்பது கிலோமீட்டர் அப்பால். அனுமதி கேட்டு Antrag, விண்ணப்பம், எழுதிப் போட்டார். ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை, அலுவலகத்துக்கு வரச்சொல்லி அவருக்குக் கிடைத்த Termin அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை.

"என்ரை காருக்குள்ளை, பின்பெட்டியிலை பந்துகளோடை படு. ஆர் பாக்கப்போறாங்கள்?" என்றார் பயிற்சியாளர் வின்ஃப்ரீட்.

அறைத்தோழர் சிவகுருநாதன் போன மாதம்தான் அடுத்த மாவட்டத்து ரயில் நிலையத்தில் பிடிபட்டுத் தண்டம் கட்டியவர். "டேய் ஜேசு, பந்துக்காகப் பேசாலைக்குத் திரும்பிப் போகப்போறியோ? அங்கை கோல் போஸ்ற் பக்கத்திலை ஆமி நிக்குது."

ஜேசுரட்ணம் போகவில்லை. அறையில் இருக்கவும் முடியவில்லை. ஜாக்கெட்டுக்கு உள்ளே அணியின் சட்டையைப் போட்டுக்கொண்டு, சைக்கிளில் எல்லைப் பலகை வரை போனார். திரும்பி வரும் பேருந்து தன்னைக் கண்டு நிற்கும், ஏறிக்கொள்ளலாம் என்று நினைத்தார். பேருந்து வரவில்லை. அவர் கழக வீட்டுக்கு வந்தபோது உள்ளே பாட்டு நடந்துகொண்டிருந்தது. இரண்டுக்கு ஒன்று. யாரோ அவர் கையில் ஒரு கிளாஸைத் திணித்தார்கள். எங்கே இருந்தாய் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அந்தக் கோடையிலேயே கழகத்தை விட்டார். ஐந்து ஆண்டுகளில் வதிவிட உரிமை கிடைத்தது. அதன்பிறகு ஒன்பது கழகங்கள், எல்லாம் கடைசிப் பிரிவுகள். வாரநாட்களில் ஒரு முதியோர் இல்லத்தின் சலவைக்கூடத்தில் வேலை, ஞாயிறுகளில் ரயில். புதிய கழகத்தில் அவர் கேட்கும் முதல் கேள்வி, வெளியூர் ஆட்டங்கள் எத்தனை என்பதுதான். சப்பாத்துப் பையில் கடவுச்சீட்டு இருக்கும். ஜெர்மன் குடியுரிமை கிடைத்த பின்னும் இருந்தது. எந்தக் கழகத்திலும் இரண்டு பருவத்துக்கு மேல் நிற்கவில்லை. விலகும் வீரர்களுக்குப் பூங்கொத்துக் கொடுக்கும் கடைசி நாளுக்கு அவர் போனதுமில்லை.

"ஞாயிற்றுக்கிழமை வீட்டிலை இல்லாதவனுக்கு ஆர் பொம்பிளை தருவினம்?" என்று சிவகுருநாதன் சொல்லிப் பார்த்தார். பிறகு அவரும் ஹம்பேர்க்குக்குப் போய்விட்டார்.

சென்ற ஆண்டு வின்ஃப்ரீட்டுக்கு எண்பது வயது. பழைய கழக வீட்டில் விருந்து. ஜேசுரட்ணம் உருளைக்கிழங்கு சலாட் தட்டோடு ஓரமாக நின்றபோது வின்ஃப்ரீட் அவர் தோளைப் பிடித்து நடுவே இழுத்தார்.

"இவன்தான்! மேல் பிரிவுக்குப் போன அண்டைக்கு ரெண்டாவது கோல் இவன்தான் அடிச்சவன். இடது காலாலை!"

எல்லோரும் கை தட்டினார்கள். பேசாமல் இருந்திருக்கலாம். அந்தக் கோலை அவர் தன் கட்டிலில் படுத்தபடி எத்தனையோ தரம் அடித்திருக்கிறார், இடது காலால்தான். தட்டை மேசையில் வைத்தார்.

"இல்லை வின்ஃப்ரீட். நான் அந்த மட்ச்சிலை இல்லை."

"பகிடி விடாதை. அப்ப எங்கை நிண்டனீ?"

முப்பத்தெட்டு ஆண்டுகளுக்குப் பிறகு அந்தக் கேள்வி வந்தது.

"எல்லைப் பலகையடியிலை. சட்டையும் போட்டுக்கொண்டு. உங்கடை பஸ் வருமெண்டு."

வின்ஃப்ரீட் கையைத் தோளிலிருந்து எடுத்தார். "நாங்கள் ஆத்தங்கரை ரோட்டாலையெல்லோ வந்தனாங்கள். அங்கை ஒரு பியர்க்கடை இருந்தது." பிறகு மெதுவாக, "எத்தினை மணி மட்டும் நிண்டனீ?"

"எட்டரை."

வின்ஃப்ரீட் சுவர் மணிக்கூட்டை நிமிர்ந்து பார்த்தார், போய் அவரை ஏற்றிவர இன்னும் நேரம் இருக்கிறது என்பதுபோல.