அழுகைப் பாட்டும் என் தங்கையின் கணினியும்

என் தங்கைக்கு வீட்டில் 'துருவி' என்றுதான் பெயர். எதையும் துருவித் துருவிக் கேட்டு எதிராளியின் உயிரை வாங்குவாள். பாட்டுக் கேட்கும் செயலி தயாரிக்கும் கம்பெனியில் வேலை. ஒருவர் கேட்கும் பாட்டுகளை வைத்து அவர் மனநிலையை ஊகிக்கக் கணினியைப் பழக்குவதுதான் அவள் பாடு. அந்தக் கணினியோ சோதனையில் பாதிப் பேர் விஷயத்தில் கோட்டை விட்டது. வெள்ளிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் திட்டத்தையே மூடிவிடுவதாக மேலாளர் சொல்லிவிட்டார்.

சோதனைக்கு ஒப்புக்கொண்டு, தினமும் தன் மனநிலையைச் செயலியில் பதிவு செய்தவர்களில் நானும் ஒருவன். திங்கள்கிழமை என் தையல் கடைக்குச் சண்டைக்கோழி மாதிரி வந்து நின்றாள்.

"ஏன்ணா பொய் சொன்னே? நாள் பூரா அழுகைப் பாட்டு கேட்டுட்டு, சந்தோஷமா இருந்தேன்னு பதிவு பண்ணியிருக்கே!"

"சந்தோஷமாத்தான் இருந்தேன். வேலை நல்லா ஓடினா அழுகைப் பாட்டுதான் போடுவேன். மிஷினை மிதிக்க அந்தத் தாளம்தான் தோது."

"கேக்குறவங்க நம்பணுமே!"

முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். அவள் முறைத்த முறைப்பில் எனக்குக் கவனம் சிதறி, ஒரு கோட்டின் இரண்டு கைகளையும் இடக்கையாகவே வெட்டித் தொலைத்தேன். நல்ல துணி. மனதைத் தேற்றிக்கொள்ளத் துள்ளல் பாட்டாகத் தேடிப் போட்டேன். எதிலும் மனம் நிற்கவில்லை. பல்லவி முடியுமுன் அடுத்தது, அதுவும் பிடிக்காமல் இன்னொன்று.

துருவி துள்ளி எழுந்தாள்.

"அண்ணா! நீ என்ன பாட்டு கேக்குறேங்கிறதை மட்டுமே பாத்துட்டு இருந்தேன். எப்படிக் கேக்குறேன்னு பாக்கவே இல்ல!"

வெட்டுப்பட்ட துணிக்கு ஒரு வார்த்தை அனுதாபம் கிடையாது. ஓடியே போய்விட்டாள். பாட்டை முழுதாகக் கேட்கிறார்களா, பாதியில் தாவுகிறார்களா, சத்தத்தைக் கூட்டுகிறார்களா என்பதையெல்லாம் சேர்த்து, ஒவ்வொருவரையும் அவரவர் வழக்கத்தோடு ஒப்பிடக் கணினிக்குப் புதிதாகக் கற்றுக்கொடுத்தாள். அந்த வாரம் முழுக்க அவளுக்குச் சோறு தண்ணி நினைவில்லை.

வெள்ளிக்கிழமை கூட்டம். எனக்குக் கடையில் இருப்புக்கொள்ளவில்லை. அவள் செயலிக்கென்று வைத்திருக்கும் பழைய போனில் பாட்டுப் பாட்டாகத் தாவிக்கொண்டிருந்தேன். அப்போது கைபேசி அடித்தது.

"ஜெயிச்சுட்டோம்ணா! கிட்டத்தட்ட எல்லாரையும் சரியா சொல்லிடுச்சு. திட்டத்தை மூடல. இனிமே நான்தான் தலைமை!"

என் தங்கையை நினைத்து அவ்வளவு பெருமை எனக்கு. இருப்பதிலேயே பெரிய அழுகைப் பாட்டாகப் பார்த்துப் போட்டுச் சத்தத்தை முழுக்கக் கூட்டினேன். பக்கத்துச் செருப்புக் கடைக்காரர் பதறி ஓடிவந்தார்.

"யாருக்கு என்ன ஆச்சு?"

"என் தங்கச்சி ஜெயிச்சுட்டா!"

பாட்டு முடியும்வரை இருவருமே கைபேசியை வைக்கவில்லை. திடீரென்று மறுமுனையில் கைதட்டல்.

"அங்க என்ன சத்தம்?"

"உன் கணக்கைத்தான் பெரிய திரையில போட்டிருக்கோம்ணா. காலையிலேருந்து 'பதற்றம்'னே காட்டிட்டு இருந்துச்சு. இப்பதான் மாறுச்சு."

"என்னன்னு?"

"'மிகுந்த மகிழ்ச்சி'ன்னு. மேலாளரே எழுந்து நின்னு கைதட்டுறார்ணா!"

அதே பாட்டை மறுபடியும் முதலிலிருந்து போட்டேன்.