கொண்டைக்குருவி மறைத்த இடம்

அலகில் வெள்ளையாக எதையோ கவ்விக்கொண்டு கொண்டைக்குருவி பறந்துபோனதை முதலில் பார்த்தவர் அத்தான்தான். அக்காவின் கணவர், குற்றாலத்தில் ஒரு தங்கும் விடுதியின் மேலாளர். மேலகரத்தில் எங்கள் வீட்டுப் புறவாசலில் நின்ற நந்தியாவட்டைச் செடிக்குள், நெஞ்சுயரத்தில் அந்தக் குருவி கூடு கட்டிக் குஞ்சு பொரித்திருந்தது. “முட்டையவா தூக்கிட்டுப் போகுது?” என்று கேட்டார். குஞ்சின் எச்சம் என்றேன். நான் அறிவியல் ஆசிரியை. ஆனாலும் படித்ததைக் கண்ணால் பார்த்தது அப்போதுதான்.

இரை ஊட்டி முடிந்ததும் குஞ்சு திரும்பிப் பின்புறத்தைத் தூக்கும். சின்னப் பை போன்ற சவ்வுக்குள் எச்சம் சிந்தாமல் வெளியே வரும். பொரித்த புதிதில் தாயும் தகப்பனும் அதை விழுங்கிவிடும். இந்தக் குஞ்சுகள் வளர்ந்துவிட்டதால் சுவர் தாண்டி வாழைத்தோட்டத்துப் பக்கம் கொண்டுபோய்ப் போட்டன. செடிக்கடியில் ஒரு வெள்ளைச் சொட்டுகூடக் கிடையாது. நோய் அண்டாமலிருக்க மட்டுமல்ல, காக்கையும் பூனையும் இடத்தைக் கண்டுபிடிக்காமலிருக்கவும்தான் இந்தப் பாடு என்று சொன்னேன். “யார்ட்டயும் மூச்சு விட மாட்டேன்ட்டி” என்றார் அத்தான். அப்பா இறந்தபின் என்னைக் கல்லூரியில் சேர்த்தவர் அவர். வேலைக்கெல்லாம் போகவேண்டாம் என்ற பெரியப்பாவிடம் எனக்காகப் பேசியவரும் அவர்தான். அவரை நம்பாமலிருக்கலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

சாரல் விட்டிருந்த ஒரு மாலை பள்ளியிலிருந்து வந்தேன். புறவாசலில் விடுதி விருந்தினர் சிலர் பெரிய கேமராக்களோடு நின்றார்கள். அம்மா அவர்களுக்குக் காப்பி கொடுத்துக்கொண்டிருந்தாள். கூட்டை மறைத்திருந்த கொப்புகள் தரையில் கிடந்தன. அரிவாள் அத்தான் கையில் இருந்தது.

“வெளிச்சம் வேணும்லா. மெட்ராஸ்லேருந்து வந்திருக்காவ. இப்பம் போயிருவாவ” என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

அவர்கள் போனதும் வெட்டிய கொப்புகளைச் சணலால் கட்டிவைத்தேன். விடிந்ததும் காக்கைகள் வந்துவிட்டன. நான் கம்போடு ஓடுவதற்குள் கூடு காலி. தாய்க்குருவி புழுவோடு வந்து விளிம்பில் உட்கார்ந்து குனிந்து பார்த்தது. பறந்துபோய், அதே புழுவோடு திரும்ப வந்தது.

போனில் அத்தானிடம் சொன்னேன். “காக்கா தூக்குனதுக்கு நான் என்னட்டி செய்ய? ஒரு குருவிக்காவ அத்தான்ட்ட பேசாம இருப்பியா?” என்றார்.

பேசாமல் இருக்கவில்லை. அக்கா இருக்கிறாளே. தீபாவளிக்கு அவர்கள் வீட்டுக்குப் போனேன், சிரித்தேன், சாப்பிட்டேன். ஆனால் காக்கை எனக்கு வாக்கு எதுவும் கொடுத்திருக்கவில்லை. அத்தான் கொடுத்திருந்தார். அதை அவரிடம் சொல்ல இன்றுவரை எனக்கு வாய் வரவில்லை.

இந்த வருஷம் மாடிப்படியோரத்து முல்லைக்கொடிக்குள் மறுபடியும் கூடு. போன வாரம் வந்திருந்த அத்தான் காப்பியை ஆற்றிக்கொண்டே கேட்டார்: “குருவி ஏதும் வந்துச்சாட்டி?”

அம்மா என்னைப் பார்த்தாள்.

“இல்லத்தான்” என்றேன்.

உடனே நம்பிவிட்டார். அதுவரை நான் அவரிடம் பொய் சொன்னதில்லை.