மிச்ச மருந்து

எங்கள் பக்கத்தில் லீவு என்பது எங்காவது வெடித்தால்தான் வரும். தீபாவளி முடிந்து கிடைக்கிற லீவைச் சொல்லவில்லை. சீசன் நடுவில், ஆர்டர் தலைக்கு மேல் நிற்கும்போது, நாளைக்குப் பட்டாசுக் கம்பெனி வண்டி வராது என்று திடீரெனச் சொன்னால், வேறு ஏதோ கம்பெனியில் ஏதோ ஓர் அறை போயிருக்கிறது, அதிகாரிகள் ஆய்வுக்கு வருகிறார்கள் என்று அர்த்தம். செத்தவர்கள் தெரிந்தவர்களாக இல்லாவிட்டால் உச்சுக் கொட்டிவிட்டு, தலைக்குக் குளித்துக் கடைத்தெருவுக்குக் கிளம்பிவிடுவோம். எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்படித்தான் இருக்கிறோம்.

அந்தச் சனிக்கிழமையும் அப்படிக் கிடைத்ததுதான். அத்தான், அதாவது என் அக்கா வீட்டுக்காரர், வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்குகிறவர். முந்தின நாள் மதியம் அதிகாரிகளின் ஜீப் வருகிறது என்று யாரோ தகவல் சொல்ல, அனுமதிக்கு மேல் ஆள் வைத்திருந்த ஃபோர்மேன் பாதிப் பேரைப் பின்பக்க வேலி வழியாக விரட்டிவிட்டார். அத்தானும் அப்படி வேலி தாண்டி வந்தவர்தான். அன்று சாயங்காலமே வழக்கமாக முகத்தில் அப்பியிருக்கும் அலுமினிய வெள்ளிப் பொடி இல்லாமல் வீட்டுக்குள் நுழைந்தவரைப் பார்த்து அக்கா சிரியோ சிரி என்று சிரித்தாள்.

உடனே நான் திட்டம் போட்டேன். சாத்தூரிலிருந்து மூன்று வருஷமாக விருதுநகர் கல்லூரிக்குப் போய்வருகிறேன். எந்தக் கடையில் எத்தனை மணிக்கு எது சூடாக இறங்கும் என்பதையெல்லாம் போனில் எழுதிவைத்திருக்கிறேன். அம்மா, அக்கா, அத்தான் மூவரையும் காலை எட்டரை விருதுநகர் பஸ்ஸில் ஏற்றினேன். இரவு லேசாகத் தூறியிருந்ததால் ரோடு கறுப்பாக, குளிர்ச்சியாக இருந்தது. நல்ல நாள் என்று நினைத்தேன்.

தெப்பக்குளத்தைச் சுற்றி நடந்தோம். பாத்திரக்கடையில் அம்மா பதினைந்து இட்லிச் சட்டியைத் தட்டிப் பார்த்து, ஒன்றும் வாங்காமல் வெளியே வந்தாள். அக்கா வளையல் கடையில் உட்கார்ந்துவிட்டாள். கடைக்காரர் அத்தானிடம் கலர் கேட்க, அவர் எங்கேயோ பார்த்தபடி, எல்லாம் நல்லாத்தான் இருக்கு என்றார். "கலியாணம் ஆகி நாலு வருசத்துல இன்னைக்குத்தான் இவுகளப் பகல் வெளிச்சத்துல பாக்கேன், அதுவும் இப்படி மொகத்தத் தூக்கி வச்சுக்கிட்டு" என்று அக்கா கடைக்காரரிடமே நியாயம் கேட்டாள். மாப்பிள்ளைக்கு லீவு ஒத்துக்கொள்ளவில்லை போல என்று அம்மா சேர்ந்துகொண்டாள். ரோஸ் மில்க் குடிக்கும்போதும் அவர் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தார். மேகம் கலைந்து வெயில் சுள்ளென்று ஏறியிருந்தது.

மதியமே கல்லில் எண்ணெய் ஊற்றுகிற ஒரு பரோட்டாக் கடையை நான் கண்டுபிடித்து வைத்திருந்தேன். ரொம்பச் சின்னக் கடை. இலையில் பொரித்த பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு, மேலே சால்னா ஊற்றும்போது சுர்ரென்று ஒரு சத்தம் வரும். அதைக் கேட்கத்தான் அவர்களைக் கூட்டிவந்ததே. அம்மா இரண்டாவதைத் தொடங்கும்போது அத்தான் முதலாவதைக்கூடத் தொடவில்லை.

"நான் ஒரு எட்டு கம்பெனிக்குப் போயிட்டு வந்துருதேன். நீங்க சாப்பிட்டு மெல்ல வாங்க."

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். லீவு நாளில் கம்பெனியில் என்ன வேலை என்று கேட்டாள். அவர் குரலைத் தாழ்த்தி, இலையைப் பார்த்தபடி சொன்னார். வெள்ளிக்கிழமை காலை கலந்த மருந்தில் கால்வாசி அறையிலேயே கிடக்கிறது. அன்றன்றைக்குக் கலந்ததை அன்றன்றைக்கே தீர்க்க வேண்டும், மிஞ்சினால் பொழுது சாய்வதற்குள் தள்ளி இருக்கிற குழியில் கொண்டுபோய் எரித்துவிட வேண்டும். வேலி தாண்ட விரட்டிய அவசரத்தில் அதைச் செய்யவில்லை. மருந்துத் தட்டு தரையிலேயே இருக்கிறது. கூரை ஓட்டுச் சந்தில் தூறல் இறங்கியிருக்கும்.

"ஈரம் பிடிச்சா அது தானா சூடேறும். பாக்கதுக்குச் சும்மா கெடக்க மாதிரிதான் இருக்கும். கைய வச்சா அம்புட்டுதான்."

அக்கா கையிலிருந்த பரோட்டாத் துண்டைக் கீழே வைத்துவிட்டாள். எனக்கு ஒன்றே ஒன்றுதான் புரிந்தது. இவர் இப்போது போனால் அந்தத் தட்டில் கையை வைக்கப் போகிறவர் இவர்தான். திங்கட்கிழமை வேலைக்குப் போனாலும் முதலில் கதவைத் திறப்பவர் இவர்தான். போகக் கூடாது. இன்றைக்கும் கூடாது, திங்கட்கிழமையும் கூடாது.

எனக்கு வாய் வேகம். மளமளவென்று பேசினேன். காய்ச்சல் என்று சொல்லி ரெண்டு நாள் லீவு கேளுங்கள், மருந்து கலக்கத் தெரிந்த ஆள் நீங்கள் ஒருவர்தான், நீங்கள் இல்லாவிட்டால் அந்த அறையைத் திறக்க மாட்டார்கள், அதற்குள் காய்ந்து ஒன்றும் இல்லாமல் போய்விடும் என்றேன். காய்ந்தால் ஒன்றும் இல்லாமல் போகும் என்பது எனக்கு எப்படித் தெரியும்? தெரியாது. ஆனாலும் தெரிந்த மாதிரியே சொன்னேன். வீட்டில் படித்தவள் நான்தான், நான் சொன்னால் கேட்பார்கள்.

"இன்னைக்கே போனாத்தான் சரி, பிள்ள. குழிக்குக் கொண்டு போயிருவேன். நாலு வருசமாச் செய்தேன்ல."

"போனீகன்னா நானும் கூட வருவேன்" என்றாள் அக்கா. அவ்வளவுதான் சொன்னாள். அவர் உட்கார்ந்துவிட்டார்.

அங்கேயே ஃபோர்மேனுக்குப் போன் போட்டார். காய்ச்சல் என்றார். எப்போது வருவாய் என்று அந்தப் பக்கம் கேட்டது எங்களுக்கே கேட்டது. புதன்கிழமை என்றார். பிறகு, அண்ணே, என்று இழுத்தார். அதற்குள் அந்தப் பக்கம் வைத்தாயிற்று.

மெசேஜில் சொல்லிவிடலாம் என்று அவர் போனை வாங்கி நானே டைப் செய்தேன். அறையில் வெள்ளிக்கிழமை மருந்து மிச்சம் கிடக்கிறது, யாரும் திறக்க வேண்டாம் என்று இரண்டு வரி. அனுப்பும் முன் இன்னொரு தடவை படித்துப் பார்த்தேன். எழுத்தில் இருந்தால் அது ஆதாரம். நாளைக்கு ஏதாவது ஒன்று ஆனால், மருந்தை விட்டுவிட்டு வந்தவன் நான்தான் என்று அத்தானே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகும், கேஸ் அவர் மேலேயே திரும்பும். அப்படித்தான் என் படித்த புத்தி ஓடியது. அழித்தேன். ஞாயிற்றுக்கிழமை எப்படியும் யாரும் திறக்க மாட்டார்கள், திங்கட்கிழமை காலையில் போனில் கூப்பிட்டு வாயால் சொல்லிக்கொள்ளலாம் என்றேன். அத்தான் தலையாட்டினார். ஆறிப்போன பரோட்டாவைத் தின்றார்.

அதற்குப் பிறகுதான் நாங்கள் சந்தோஷமாக இருந்தோம். அதைச் சொல்லாமல் விட்டால் இதை எழுதுவதில் பிரயோஜனம் இல்லை. அம்மா திரும்பப் போய் முதலில் பார்த்த இட்லிச் சட்டியையே வாங்கினாள். அக்கா அத்தான் கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டில் நடந்தாள், எங்கள் ஊரில் யாரும் அப்படி நடப்பதில்லை. ஒருவரைக் காப்பாற்றிவிட்டோம் என்ற தெம்பில் எனக்கு எல்லாமே ருசித்தது.

திங்கட்கிழமை ஆறு மணிக்கு அத்தான் ஃபோர்மேனைக் கூப்பிட்டார். எடுக்கவில்லை. ஆறே காலுக்கும் எடுக்கவில்லை. கம்பெனிக்குள் போனைக் கொண்டுபோகக் கூடாது, கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். சனிக்கிழமை விட்ட வேலையைப் பிடிக்க அன்றைக்கு ஐந்தரைக்கே வேலையைத் தொடங்கியிருக்கிறார்கள் என்பது எங்களுக்குத் தெரியவில்லை. ஏழு மணிக்கு அத்தான் சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தபோது அவர் போன் அடித்தது. கூட வேலை செய்கிறவர். முதலில், நீ எங்கிருக்கிறாய், வீட்டிலா என்று கேட்டார். அப்புறம் விஷயத்தைச் சொன்னார். அத்தான் வராததால் பக்கத்து அறைக்காரரைக் கலக்கச் சொல்லியிருக்கிறார்கள். அவர் உள்ளே போய்த் தட்டை நகர்த்தியிருக்கிறார்.

அத்தான் படியில் உட்கார்ந்து வாந்தி எடுத்தார்.

மறுநாள் அத்தானும் அக்காவும் நானும் துட்டி கேட்கப் போனோம். செத்தவரின் வீடு மல்லாங்கிணறு தாண்டி, மழையை நம்பிக் கிடக்கும் காடுகளுக்கு நடுவில். பெட்டியைத் திறந்து காட்டவில்லை. பெண்கள் நடுவில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி அத்தானைப் பார்த்ததும் எழுந்து வந்தாள். உங்களைப் பற்றி அவுக எப்போதும் பேசுவாக என்றாள். பிறகு அத்தானின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"காய்ச்சல் தேவலையாண்ணே? நல்ல வேளை, நேத்து நீங்க போகல. நீங்களாச்சும் தப்பிச்சீகளே."

அவள் அதை மனதாரச் சொன்னாள். அத்தான் வாயைத் திறந்தார். சொல்லிவிடப் போகிறார் என்று எனக்குத் தெரிந்தது. அக்காவுக்கும் தெரிந்தது, அவர் சட்டையின் பின்புறத்தை இறுகப் பிடித்தாள்.

நான்தான் முந்திக்கொண்டேன். "அத்தான், வாங்க. இத விட்டா ரெண்டு மணிக்குத்தான் பஸ்ஸு."

அவள் கையை விட்டாள். நாங்கள் வெளியே வந்தோம். பஸ் வர இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. நிழலே இல்லாத அந்த நிறுத்தத்தில் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் நின்றோம்.