தனத்தின் சைக்கிளுக்கு எந்த பிரேக்?

போன ஞாயிறு காலை எட்டரை மணி. சூலூர் தாண்டி ஒரு கரிசல் காட்டின் ஓரத்தில், கண்களை இறுக மூடிக்கொண்டு நின்றிருந்தேன். எதிரே ஒரு குட்டையின் செங்குத்தான கரை. அதன் உச்சியில் என் மனைவி தனம் — சைக்கிளோடு.

நாற்பத்து நான்கு வயதில் சைக்ளோகிராஸ் எதற்கு என்று கேட்கிறீர்களா? நானும் கேட்டேன். பதிலாக ஹெல்மெட்தான் வந்தது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இந்தப் போட்டி ரோட்டில் நடக்காது. சேறு, புல், மேடு, பள்ளம் என்று சுற்றிச் சுற்றி வர வேண்டும். ஓட்ட முடியாத இடத்தில் சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓட வேண்டும். ஆர்.எஸ்.புரத்தில் ஒரு கிளினிக்கில் நர்ஸாக இருக்கும் தனத்துக்கு இதில் அப்படி ஒரு பைத்தியம்.

போன வருடம் இதே கரையில் இறங்கும்போது பிரேக் பிடிக்கவில்லை. நேராக முள்வேலிக்குள் போய்விட்டாள். முழங்கையில் ஆறு தையல். பாதியில் வெளியேறியவள், சைக்கிளும் நெளிந்துபோனதில் வேறு வாங்கலாம் என்றாள்.

"புதுசுலயும் முடிக்கலீன்னா, வித்துப்போட்டு இதோட உட்டறலாமுங்க."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியாதா?

ஆக, எல்லாம் இப்போது பிரேக்கின் தலையில். ரிம்மா, டிஸ்க்கா?

ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். சைக்கிள் கடையில் கொடுத்த இங்கிலீஷ் நோட்டீஸை மூன்று நாள் எழுத்துக்கூட்டிப் படித்தேன். ரிம் பிரேக், டயருக்குப் பக்கத்தில் சக்கரத்தின் விளிம்பைக் கவ்விப் பிடிக்கும். டிஸ்க், சக்கரத்தின் நடுவில் இருக்கும் தகட்டைப் பிடிக்கும். இவ்வளவும் புரிந்த பிறகு பயம் இரட்டிப்பாகிவிட்டது. ரிம் மழையில் வழுக்கினால்? டிஸ்க் தகடு வளைந்தால்? சூடாகி அவள் காலைச் சுட்டால்?

தனத்தின் தம்பி செந்திலும் இந்தப் போட்டிக்காரன். அவன் ரிம் கட்சி.

"டிஸ்க்கு கனமுங்க மாமா. அக்கா தோள்ல தூக்கிட்டு ஓடோணுமில்லீங்க? ரிம்முன்னா ரிப்பேரு கூட நாமளே பாத்துக்கலாம்."

"கரையில நிக்கலீன்னா மாப்ளே?"

"கட்டில்ல இருந்து இறங்கறதுக்கே பிரேக்கு தேடற ஆளுங்க நீங்க!"

நான்காவது முறை போனபோது கடைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார்.

"ஏனுங்க, உங்களுக்கு வேணுங்கறது பிரேக்குங்களா, நிம்மதிங்களா?"

இரண்டும் என்றேன். டிஸ்க் கிடைத்தது. மற்றது ஸ்டாக் இல்லையாம்...

போட்டியன்று விடியற்காலையில் மழை வேறு. கண்ணை மூடியிருந்தேன் என்றேனே — கைதட்டல் கேட்டுத் திறந்தால், தனம் கரையிலிருந்து இறங்கி அடுத்த வளைவுக்கே போய்விட்டிருந்தாள்.

இரண்டாவது சுற்றில்தான் கரிசல் தன் வேலையைக் காட்டியது. மழை நனைத்த கரிசலில் செருப்போடு நடந்திருக்கிறீர்களா? அடிக்கு அடி செருப்பு கனக்கும். அதே கதைதான் டயருக்கும். ஒவ்வொருவராக நின்றார்கள். சக்கரம் சுற்றவில்லை. செந்தில் ஒரு குச்சியை வைத்து பிரேக்கிலிருந்து சேற்றைத் தோண்டிக்கொண்டிருந்தான். பின்னாலிருந்து ஒரு குரல்.

"தள்ளுடா செந்திலு, வழி உடு!"

என் தனம்தான்! முகமெல்லாம் சேறு, பல் மட்டும் வெள்ளை. நான் வேலியோரமாக அவள் கூடவே ஓடினேன் — எதற்கு என்று கேட்காதீர்கள். கடைசிச் சுற்றையும் முடித்தாள். பெண்களில் முதல் இடம்!

மூச்சு வாங்க அவள் காதருகே கேட்டேன்: "கரையில டிஸ்க்கு நல்லாப் புடிச்சுதா?"

"நான் எங்கீங்க புடிச்சேன்? அந்தச் சேத்துல உருள்றதே பெரும்பாடு. பிரேக்கைத் தொடவே இல்லீங்க."

மூன்று வாரத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு நான் வாங்கிய பிரேக்கை அவள் தொடவே இல்லை! பிறகு எப்படி?

இரண்டு சைக்கிளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. செந்திலின் ரிம் பிரேக் டயரை ஒட்டி நிற்கிறது. சேறு அதில் சிக்கி, அடைத்து, சக்கரத்தையே கட்டிப்போட்டுவிட்டது. தனத்தின் டயருக்குப் பக்கத்தில் சேற்றைத் தடுக்க ஒன்றுமே இல்லை. விழுந்து விழுந்து வழிந்துவிட்டது. அவள் நிற்க வேண்டுமே என்று பயந்து வாங்கினேன். அது அவளை நிற்காமல் ஓட வைத்திருக்கிறது.

செந்தில் குச்சியோடு வந்தான். "கரிசல்ல ரிம்மு அடைச்சுக்கும்னு முன்னாடியே எப்படீங்க மாமா தெரிஞ்சுது?"

முகத்தை சீரியஸாக வைத்துக்கொண்டேன். "அனுபவம் மாப்ளே."

தனம் என்னை ஒரு பார்வை பார்த்தாள். காட்டிக்கொடுக்கவில்லை.

கோப்பை ஒன்றுதான்... ஆனால் அன்றைக்கு ஜெயித்து வீடு திரும்பியது இரண்டு பேர்!